நெசவாளர், உழவர் கண் நலம்

நம் சங்கங்களின் உறுப்பினரைப் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிக்கலாம். ஒரு சாரார் சிறுமுகையிலும் நெகமத்திலும் சென்னிமலையிலும் பவானியிலும் தறியின்முன் அமர்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் இழையைப் பார்த்தே வாழ்நாளைக் கழிப்பவர். மற்றொரு சாரார் பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும், ஈரோட்டு மஞ்சட்காட்டிலும், கரும்புத் தோட்டத்திலும் ஓலைக்கும் தோகைக்கும் முள்ளுக்கும் இடையே நடமாடுபவர். இரு சாராருக்கும் கண்ணே முதற்கருவி. தறியின் அச்சில் ஒரு பல் கோணினால் அன்றே சரிசெய்கிறோம். கிணற்று மோட்டார் சற்று முனகினால் உடனே ஆள் அனுப்பிக் கழற்றிப் பார்க்கிறோம். கண்ணை மட்டும், ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆகவே இம்மாதப் பாடமாகக் கண்ணை எடுத்துக்கொண்டோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பார்வை குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் பார்வைக் குறையுடையோர் 220 கோடிக்குக் குறையார் என்றும், அவர்களுள் 100 கோடிப் பேருடைய குறையேனும் முன்பே தடுத்திருக்கக் கூடியது, அன்றேல் இன்னும் சரிசெய்யப்படாமல் கிடப்பது என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இப்பெருந்தொகையுள் நம் தறிக்குழியும் நம் தோட்டமும் அடங்கியிருக்கின்றன. தீராத நோயைக் குறித்து இங்கு நாம் மிகுதியாகப் பேசப் போவதில்லை. எளிதில் தீர்வதைத் தீராதது என்று எண்ணியும், இன்றே செய்ய வேண்டியதை அடுத்த வாரத்திற்குத் தள்ளியும் இழக்கப்படும் பார்வையைக் குறித்தே பேசக் கருதுகிறோம்.

வெள்ளெழுத்து

முதலில் தறிக்காரர் செய்தி. நாற்பது வயதை ஒட்டி நெசவாளரிடம் சில மாறுதல்கள் தோன்றுகின்றன. அறுந்த இழையை முடியும்போது கையைச் சற்று நீட்டிப் பிடிக்கிறார். விழுதின் கண்ணில் இழை கோக்க மனைவியையோ மகனையோ அழைக்கிறார். காலையில் தெரிந்த இழை மாலையில் தெரிவதில்லை. நூறாம் நம்பர் நூலை விட்டு நாற்பதாம் நம்பர் நூலுக்கு மாறுகிறார்; சரிகைக் கரைச் சேலையை விட்டுச் சாதாரணச் சேலைக்கு இறங்குகிறார்; அதனோடு கூலியும் இறங்குகிறது. வினவினால், வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று விடை வரும். உண்மையில் அவர் கண் மங்கவில்லை. தெருமுனையில் வருபவரை அவர் முன்போலவே அடையாளம் கண்டுகொள்கிறார். அண்மையில் உள்ளது மட்டுமே தெளிவிழந்து போகிறது. இதனையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் வழங்கினர். வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர் ‘சாளீசு’ என்பர்; தெலுங்கு பேசுவோர் ‘சத்வாரம்’ என்பர். அவ்விரு சொற்களும் நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்தவை. நாற்பதாம் வயதில் இது வருதல் இயல்பு என்பதை மொழியே ஒப்புக்கொண்டிருக்க, நாம் அதனை விதி என்று கொண்டு தறியை விட்டு இறங்குகிறோம்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். கருவிழிக்குப் பின்னால், கண்ணுக்குள்ளே, பயற்றம் பருப்பின் வடிவில் தெளிந்த வில்லை ஒன்று உண்டு. இளமையில் அது மென்மையானது. அண்மையில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுள் இருக்கும் தசையின் செயலால் அவ்வில்லை சற்றே புடைத்து, ஒளியை விழித்திரையின்மேல் சரியாகக் குவிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வில்லை இறுகுகிறது. தசை தன் வேலையைச் செய்தாலும் வில்லையின் வடிவம் மாறுவதில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு சாணுக்கும் குறைந்த தொலைவில் நூல் முனையைத் தெளிவாகக் காணும். ஐம்பதை எட்டியவருக்கு அதே நூலைக் காண ஏறக்குறைய ஒரு முழம் வேண்டியிருக்கிறது. இது நெசவுத் தொழிலால் வந்த கேடு அன்று. பள்ளி ஆசிரியருக்கும் நகைக்கடைக்காரருக்கும் தவறாது வருவதே. மூக்குக்கண்ணாடி போட்டுப் பழகினால் கண் மேலும் கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் அறுபது வயது வரை வில்லை இறுகிக்கொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்ணாடியின் பவர் கூடுவதற்கு அதுவே காரணம்.

கண்ணாடியால் உழைப்பாளிக்கு எவ்வளவு பயன் என்று கேட்கலாம். இதனை எடை போட்டே பார்த்திருக்கின்றனர். அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் உடைய 751 கொழுந்து பறிப்போரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தனர். மறுபாதியினருக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தனர். ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தை நாள்தோறும் நிறுத்துப் பார்த்ததில், கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன் மற்றவர்களினும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிகுதியாக உயர்ந்திருந்தது. ஐம்பது வயது கடந்தோரிடம் அவ்வுயர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது. வங்காளதேசத்துச் சிற்றூர்களில் பலவகைக் கைத்தொழில் செய்வோரிடம் நடந்து 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் மாத வருமானம் எட்டுத் திங்களில் 33 விழுக்காடு மிகுந்தது. தேயிலைக் கொழுந்தைக் காண்பதினும் நூறாம் நம்பர் இழையைக் காண்பது கடினம். ஆகவே நெசவாளர் அடையும் பயன் இவற்றினும் குறையாது என்றே நாம் எண்ணுகிறோம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடியால் மீளக்கூடிய கூலியை ஆண்டுக்கணக்கில் இழந்துகொண்டிருப்பது எத்தகைய கணக்கு என்பதைத் தறிக்காரர் வீட்டினரே போட்டுப் பார்க்கட்டும்.

ஆயினும் கண்ணாடி வாங்குவதில் நெசவாளர் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கடைகளிலும் முகாம்களிலும் கொடுக்கப்படுவது பெரும்பாலும் படிப்பதற்கான கண்ணாடி. நூலைக் கையில் பிடித்துப் படிக்கும் தொலைவு 33 முதல் 40 செண்டிமீட்டர். தறியில் அமர்ந்தவருக்கோ, ஊடு வந்து சேரும் துணி விளிம்பு கண்ணிலிருந்து 50 அல்லது 60 செண்டிமீட்டருக்கு அப்பால் இருக்கும். விழுது அதற்கும் அப்பால். வில்லை முற்றிலும் இறுகிவிட்ட ஒருவருக்குப் பவர் 3 உடைய கண்ணாடி 33 செண்டிமீட்டரிலும், பவர் 2 உடையது 50 செண்டிமீட்டரிலும், பவர் ஒன்றரை உடையது ஏறக்குறைய 67 செண்டிமீட்டரிலும் தெளிவு தரும். ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் தொலைவு கிடைக்கும், கணக்கு அவ்வளவே. படிப்பதற்கென்று கொடுத்த கண்ணாடியை அணிந்து தறியில் அமர்ந்தவர் இழை தெரியாமல் குனிந்து குனிந்து முதுகு நோவ நெய்துவிட்டு, கண்ணாடி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டியில் போட்டுவிடுகிறார். கண்ணாடி பொருந்தவில்லை என்று நாம் கேட்கும் குறைகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஆதலால் கண் சோதனைக்குச் செல்லுமுன் தறியில் வழக்கம்போல் அமர்ந்து, மூக்குத் தண்டிலிருந்து துணி விளிம்பு வரை ஒரு நூலைப் பிடிக்கச் செய்து, அளவுக்கு முடிச்சிட்டு அந்நூலைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சோதிப்பவரிடம் இதுதான் என் வேலைத் தொலைவு என்று காட்டுங்கள். தூரப் பார்வையிலும் குறை உள்ளவர்கள் கடையில் தொங்கும் கண்ணாடியை எடுத்து அணிந்துகொள்ளாமல், இரு கண்களையும் தனித்தனியே சோதித்த பின்னரே வாங்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். அறுபது வயதினரின் விழித்திரையைச் சென்று சேரும் ஒளி, இருபது வயதினருக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஆகும். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே விளக்கு போதாது என்பது இதனால் விளங்கும். குழித்தறி வீடுகளில் விளக்கை நெய்பவரின் முதுகுக்குப் பின்னால் உத்தரத்தில் தொங்கவிடுகின்றனர். அவர் நிழலே அவர் பாவின்மேல் விழுகிறது. விளக்கு பாவின்மேல் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும்; எரியும் முனை நேரே கண்ணில் படாதவாறு மேலே மறைப்பும் வேண்டும். தார் மாற்றும் ஒவ்வொரு முறையும் தலை நிமிர்ந்து வாசலுக்கு வெளியே சிறிது பார்த்து, கண்ணைச் சில முறை இமைத்துக்கொள்வது நன்று. இழையையே உற்று நோக்குபவர் இமைக்க மறந்துவிடுகிறார். கண் உலர்ந்து எரிகிறது. பஞ்சுத் தூசியும் சேர்ந்து அதனை மிகுவிக்கிறது. விசைத்தறிக் கூடத்திலோ இவற்றினும் பெரிய இடர் நாடா. தறியிலிருந்து எகிறிய நாடா கண்ணைத் தாக்கினால் மருத்துவத்திற்கு இடமே இல்லாது போவதும் உண்டு. நாடாத் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தறி ஓட்டுவதைச் சங்கங்கள் பொறுத்துக்கொள்ளலாகாது.

தோகை பட்ட கண்

இனி உழவர் செய்தி. இதில் ஆண்டுக்கணக்கு இல்லை, மணிக்கணக்கே உண்டு.

கரும்பு வெட்டும்போது தோகை கண்ணில் உரசுகிறது. நெல் அடிக்கும் களத்தில் உமி தெறிக்கிறது. தென்னையிலிருந்து ஓலை இறக்குகையில் தூசும் சிலாம்பும் விழுகின்றன. கட்டுத்தரையில் மாடு வாலைச் சுழற்றுகிறது. சற்று நேரம் கண் உறுத்துகிறது, நீர் வடிகிறது. துண்டின் முனையை வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றிக்கொண்டு மீண்டும் வேலைக்குப் போகிறோம். பெரும்பாலும் அது தானே ஆறிவிடுகிறது. ஆறாத சிலவற்றில்தான் கேடு.

கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த கனமே உடையது. அதன் மேல்தோல் நல்ல நிலையில் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழையா. தோகை கீறினால் வாயில் திறந்துவிடுகிறது. அத்தோகையின் மேலும் உமியின் மேலும் மண்ணிலும் பூஞ்சை வித்துகள் எந்நாளும் உள்ளன. தானியத்தையும் இலையையும் கெடுக்கும் அதே இனத்துப் பூஞ்சைகள் கண்ணிலும் வளர்கின்றன. இரண்டு மூன்று நாளில், சில வேளை ஒரு வாரம் கழிந்த பின், கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். வலி, சிவப்பு, ஒளியைப் பார்க்க இயலாமை ஆகியன தொடரும். கருவிழிப் புண் எனப்படுவது இதுவே. புண் ஆறினாலும் அவ்விடத்தில் வெண்டழும்பு நிற்கும். தழும்பு நடுவில் அமைந்தால், சன்னல் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டில் இந்நோய் எத்துணை மிகுதி என்பதை மதுரை மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். 1996இல் வெளியான அக்கணக்கின்படி, மதுரை மாவட்டத்தில் ஓராண்டில் ஒரு லட்சம் மக்களுள் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று. அமெரிக்காவில் அதே முறையில் எடுத்த கணக்கில் வந்த எண் இதில் பத்தில் ஒரு பங்கே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்று திங்களில் வந்த 434 நோயாளரை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, அவர்களுள் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது என்றும், கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சையே காரணம் என்றும் கூறுகிறது. நெல் விளையும் மதுரைக்கு உரிய இவ்வுண்மை, கரும்பும் சோளத்தட்டும் தென்னையும் மிகுந்த நம் கொங்கு நாட்டிற்குப் பொருந்தாது என்று கொள்ள யாதொரு காரணமும் இல்லை.

நேப்பாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடந்து 2001இல் வெளியான ஒரு முயற்சியைச் சங்க உறுப்பினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அங்கே ஊர்தோறும் சாதாரணச் சுகாதாரப் பணியாளருக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவரைச் சோதித்து, நுண்ணுயிர்க் கொல்லிக் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இடச் செய்தனர். அவ்வாறு மருந்திட்ட 442 பேரில் 424 பேருக்குக் கிருமி தொற்றாமலே காயம் ஆறிற்று. காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்திட்ட 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. இதற்குப் பெரிய மருத்துவமனையும் வேண்டியிருக்கவில்லை. விலையுயர்ந்த கருவியும் வேண்டியிருக்கவில்லை. காலையில் பட்ட காயத்திற்கு மாலைக்குள் மருந்து என்பதே அங்கு நடந்தது.

நம் ஊர்களில் அந்தப் பதினெட்டு மணி நேரம் வேறு வகையில் கழிகிறது. ஒருவர் தாய்ப்பால் பீச்சச் சொல்வார். ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொல்வார். ஒருவர் பச்சிலைச் சாறு பிழிவார். நாவால் தூசி எடுப்போரும் இருந்தனர். நம் பாட்டிமார் அன்பினால் செய்தவற்றை இகழ்வது நம் நோக்கம் அன்று. ஆனால் தூய்மை செய்யப்படாத எப்பொருளும் திறந்த காயத்தில் கிருமியையே கொண்டு சேர்க்கும். இவற்றினும் பொல்லாதது, மருந்துக்கடையில் சிவப்புக்கு என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது சிவப்பையும் வலியையும் ஓரிரு நாள் அடக்கிவிடும். அந்த மறைவில் பூஞ்சை தழைத்து வளரும். நோயாளி, குணமாகிறது என்று நம்பியிருக்கையில் கருவிழி கரைந்துகொண்டிருக்கும். பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் என்னும் சொட்டு மருந்து உண்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, அதற்குப் பின்வந்த விலை மிகுந்த வொரிகோனசோலைவிட அதுவே சிறந்தது என்று காட்டிற்று. எனினும் அதனைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை என, வாரக்கணக்கில் விட வேண்டும். விட்டும் தழும்பு எஞ்சலாம். கீறல் பட்ட அன்றே செல்வதற்கும் வெண்புள்ளி கண்டபின் செல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு இது.

ஆகவே கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்க வேண்டா. குடிப்பதற்குத் தகுந்த தூய நீரால் கழுவுங்கள். இறுகக் கட்டுப் போடாதீர்கள். உறுத்தல் நீங்காவிட்டால் அன்று மாலைக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கண் மருத்துவரிடமோ செல்லுங்கள். கருவிழியில் குத்தி நிற்கும் முள்ளையோ இரும்புத் துகளையோ வீட்டில் எடுக்க முயலலாகாது.

சுண்ணாம்பும் செடிப்பாலும் பூச்சி மருந்தும் பட்டால் முறை வேறு. அங்கு மருத்துவரிடம் ஓடுவது இரண்டாவது வேலை. தண்ணீரே முதல் வேலை. வெற்றிலைச் சுண்ணாம்பு பொட்டலத்தைப் பிள்ளைகள் பிதுக்கி விளையாடும்போது அது கண்ணில் பீறிட்டுப் பார்வை போன நிகழ்ச்சிகள் நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. சுண்ணாம்பு கருவிழியை அரித்துக்கொண்டே உள்ளே செல்லும். இமைகளை விரித்துப் பிடித்து, வாய்க்கால் நீரானாலும் சரி, குழாய் நீரானாலும் சரி, அரைமணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் கட்டிகளை நீக்கி, அதன் பின்னரே வண்டி ஏற வேண்டும். வேலியில் நிற்கும் திருகுகள்ளியின் பாலும் எருக்கம்பாலும் இவ்வாறே கொடியவை. வேலி கழிப்பவர் பால் பட்ட கையால் வியர்வையைத் துடைத்துக்கொள்வதால் வரும் கேடு இது. எருக்கம்பாலில் வலி சிறிதாகவும் பார்வை மங்கல் பெரிதாகவும் இருத்தலின், பலர் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர். பூச்சி மருந்து பட்டவர் கழுவிய பின் மருந்துப் புட்டியையும் உடன் கொண்டு செல்லட்டும்.

கரும்பு வெட்டுகையிலும், தட்டு அடிக்கும் இயந்திரத்தின் அருகிலும், மருந்து தெளிக்கையிலும், சாணை பிடிக்கையிலும் காப்புக் கண்ணாடி அணிவதே முறை. வேர்க்கிறது, மங்குகிறது என்று உழவர் அதனை வெறுப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. பக்கங்களில் துளை உள்ள வகை அவ்வளவாக மங்குவதில்லை. உருமாலையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அது தலைக்கு நிழல் தருமேயன்றிக் கண்ணுக்குத் தருவதில்லை. ஆண்டுகள் பல வெயிலில் உழைப்போருக்கு வெண்விழியிலிருந்து கருவிழிமேல் சதை படர்தலும், புரை முந்தி வருதலும் உண்டு. முன்பக்கம் விளிம்பு நீண்ட தொப்பியோ பனையோலைக் குடலையோ கண்ணுக்கு உகந்தது.

புரை

கண்புரையைப் பற்றி நம்மவர் நிரம்ப அறிந்திருக்கின்றனர். எனவே சுருக்கமாகச் சொல்வோம். அன்று இறுகிய அதே வில்லை, பின்னாளில் வெளுத்துப் போவதே புரை. சொட்டு மருந்தால் அது கரையாது, அறுவையே தீர்வு. முற்றிப் பழுத்த பின்தான் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் பழைய முறைக்கு உரியது. 1949ஆம் ஆண்டு இலண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர், எடுத்த வில்லைக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே முதன்முதலில் வைத்தார். இன்று வேலைக்குத் தடையாகும் அளவுக்குப் புரை வளர்ந்தவுடன் செய்துகொள்ளலாம். முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, அறுவை செய்தும் பார்வை வராத நிலை சிலருக்கு நேரும்.

அச்சிறு வில்லை ஏழைக்கும் எட்டிய வரலாறு தமிழ்நாட்டிற்குப் பெருமை தருவது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் நெல்லைச் சீமையின் வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போயும், அவ்விரல்களைக் கொண்டே அறுவை பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல், 58ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நடுவணரசு பார்வையிழப்புத் தடுப்புக்கென நாடளாவிய திட்டம் வகுத்ததும் அதே ஆண்டுதான். பணம் செலுத்துவோரின் கட்டணத்தைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் அதே மருத்துவர் அதே அறுவையைச் செய்வது அவர் வகுத்த முறை. கூட்டுறவில் ஊறிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1992இல் அவர்கள் மதுரையிலேயே வில்லைகளைச் செய்யத் தொடங்கிய பின், ஏறக்குறைய நூறு டாலருக்கு வந்துகொண்டிருந்த அயல்நாட்டு வில்லைக்கு ஈடானது பத்து டாலர் அளவில் கிடைக்கலாயிற்று. 1997இல் கோவையிலும் அரவிந்த் மருத்துவமனை அமைந்தது. அதற்கு முன்பே, 1977இல் டாக்டர் ரமணி தம்பதியர் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கியது, சங்கரா கண் மருத்துவமனையாகக் கோவையில் வளர்ந்திருந்தது. இவ்விரு நிறுவனங்களும் ஊர்களுக்கே வந்து முகாம் நடத்துகின்றன. வெங்கடசாமி 2006இல் மறைந்தார்.

அறிகுறி காட்டாத நோய்கள்

இதுவரை கூறியவை வந்தால் தெரிபவை. வந்தது தெரியாமலே பார்வையைத் தின்பவை இரண்டு உண்டு. ஒன்று குளுக்கோமா எனும் கண்நீர் அழுத்த நோய். இதில் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும். ஓரப் பார்வை முதலில் போகும். நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். ஆதலால் நோயாளி இழையையும் எழுத்தையும் தெளிவாகவே காண்பார்; வழியில் வரும் மாடுதான் தெரியாது. போன பார்வை மீளாது; இருப்பதைக் காக்க மட்டுமே இயலும். தென்மாவட்டச் சிற்றூர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட அரவிந்த் கணக்கெடுப்பில், இந்நோயின் முதன்மை வகையைப் பெற்றிருந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது தமக்கு இருப்பதையே அறியாதிருந்தனர். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின் நாற்பதுக்கு முன்பே சோதிப்பது கடமை. இதில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வானவில் வட்டமுமாக வரும் வகையும் ஒன்று உண்டு. அது வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றொன்று சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேடு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்தும் அடைபட்டும் விழித்திரையைக் கெடுக்கின்றன. பார்வை குறைந்து தெரிவதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும். கால் நூற்றாண்டுக்கு முன் பட்டணத்தார் நோய் என்று நாம் கருதியிருந்த சர்க்கரை இன்று தறிக்குழியிலும் வரப்பிலும் இருக்கிறது. மாத்திரை ஒழுங்காக உண்கிறேன், ஆகவே கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று இருந்துவிடுவது தவறு. சர்க்கரை உள்ளவர் ஒவ்வோர் ஆண்டும் விழித்திரையைப் பார்க்கச் செய்ய வேண்டும். பார்வை நன்றாக இருக்கும் ஆண்டிலும் செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் முட்டையும் கிடைத்தால் மாலைக்கண்ணைப் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லாது; பிறருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணியிருக்கும். கணக்கில் மந்தம் என்று அடிக்குமுன் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

சங்கங்கள் செய்யக் கூடியது சிறிதன்று. உறுப்பினர் பதிவேட்டில் வயது எழுதப்பட்டிருக்கிறது. நாற்பதைக் கடந்தோரை எழுத்தர் ஒரு நாளில் தனியே குறித்துவிடலாம். மகாசபை கூடும் நாளையொட்டி ஒரு கண் முகாமுக்கு மருத்துவமனையை அழைக்கலாம். நூல் பட்டுவாடா செய்யும் நாளாயின் வருகைக்குக் குறைவிராது. கண்ணாடியின் விலையைச் சங்கம் முன்பணமாகக் கொடுத்து, கூலியில் நான்கு தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். நிதி உள்ள சங்கம் அவ்வாறு செய்யட்டும், நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி எதுவும் செய்யாதிருக்க வேண்டா. உழவர் சங்கங்கள், உரம் விற்கும் இடத்தில் காப்புக் கண்ணாடியையும் வைத்து விற்கலாம். அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே எழுதி ஒட்டலாம்.

முகாமுக்கு வருவோர் பழைய கண்ணாடியையும், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், முன்னர்ச் சொன்ன முடிச்சிட்ட நூலையும் கொண்டு வருக. விழித்திரையைப் பார்ப்பதற்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவர். அதன்பின் சில மணி நேரம் வெயில் கூசும், அண்மைப் பொருள் தெளிவாகத் தெரியாது. ஆகவே தாமே இருசக்கர வண்டி ஓட்டி வராமல், துணைக்கு ஒருவரை அழைத்து வருவது நல்லது. அன்று மாலை தறியில் அமர இயலாது. மறுநாள் காலை வழக்கம்போல் அமரலாம்.